பாண் இறாத்தலின் எடை: சராசரி சொல்லாத கணக்கு

மெட்ரிக் முறை எமது நாட்டுக்கு வந்து பல தசாப்தங்கள் கடந்துவிட்டன. ஆனாலும் பேக்கரிக்குப் போனால் நாம் இன்றும் "ஒரு இறாத்தல் பாண் தாங்க" என்றுதான் கேட்கிறோம். ஓர் இறாத்தல் என்பது 453.6 கிராம். சட்டம் கேட்பதோ 450 கிராம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் உங்கள் வீட்டு மேசையில் இன்று காலை இருந்த பாணின் எடை என்னவென்று கேட்டால், அதைச் சுட்டவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது, சாப்பிட்டவருக்கும் தெரியாது.

2024 பெப்ரவரி ஆரம்பத்தில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை வெளியிட்ட விசேட வர்த்தமானி அறிவித்தல், முழுப் பாணின் எடை 450 கிராம் எனவும் அரைப் பாணின் எடை 225 கிராம் எனவும் வரையறுத்தது. முழுப் பாணில் 13.5 கிராமும் அரைப் பாணில் 7 கிராமும் குறைய இடமளிக்கப்பட்டது. அதாவது முழுப் பாண் ஒன்று 436.5 கிராமுக்குக் கீழே இறங்கினால் அது குற்றமாகும். அதையடுத்து நாடெங்கும் பேக்கரிகளில் சோதனைகள் நடந்தன, பலர் நீதிமன்றம் ஏறினர், தண்டப்பணம் கட்டினர்.

பேக்கரியும் சாப்பாட்டுக் கடையும் எமது சமூகத்தில் கணிசமானோரின் ஜீவனோபாயம் என்பதால் இவ்வாரம் இதனை எழுத எண்ணினேன். நிறுவையில் குறை வைப்போரை எச்சரித்து இறங்கிய சூரத்துல் முதஃப்பிபீனை அறியாதவர் எம்மில் இல்லை. அதை மனதிற்கொண்டு நேர்மையாகத் தொழில் செய்யும் ஒருவரின் கடையிலும் எடை குறைந்த பாண் வெளியே போக முடியும். காரணம் எண்ணத்தில் அல்ல, அளவீட்டில் இருக்கிறது. பல வருடங்கள் ஆடைத் தொழிற்சாலையொன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்தவன் என்ற வகையில், எனக்குத் தெரிந்த அளவில் அதை விளக்க முயல்கிறேன்.

சராசரி எனும் மயக்கம்

எந்த உற்பத்தியிலும் ஒன்றைப் போல் இன்னொன்று அச்சொட்டாக அமைவதில்லை. ஒரே மா, ஒரே ஈஸ்ட், ஒரே போறணை. அப்படியிருந்தும் ஒரு பாண் 455 கிராம் வரும், மற்றது 447 வரும். இதனை மாறுபாடு என்கிறோம். தரம் என்றவுடன் எமது முதலாளிமார் சராசரியையே நினைக்கிறார்கள். வாடிக்கையாளரோ சராசரியை வாங்குவதில்லை. அவர் வாங்குவது ஒரேயொரு பாணை.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். இரண்டு பேக்கரிகள். முதலாவதில் பாண்களின் எடை சராசரியிலிருந்து இரு பக்கமும் பெருமளவு சிதறுகிறது. புள்ளிவிபரவியலில் நியம விலகல் எனப்படும் அளவு அங்கே 10 கிராம். இரண்டாவது பேக்கரியில் அதே அளவு 4.5 கிராம் மட்டுமே. எடைகள் வழமையான மணி வடிவில் பரவியிருந்தால், சராசரியிலிருந்து மூன்று நியம விலகல் தூரத்துக்குக் கீழே விழும் பாண்கள் ஆயிரத்துக்கு ஒன்று அல்லது இரண்டுதான் இருக்கும்.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். 436.5 என்ற எல்லைக்குக் கீழே போகாமலிருக்க இரண்டாவது பேக்கரிக்கு 450 கிராம் சராசரி போதும். முதலாவது பேக்கரி அதே பாதுகாப்பைப் பெற வேண்டுமாயின் தனது சராசரியை 466.5 கிராமுக்கு உயர்த்த வேண்டும். வித்தியாசம் பாண் ஒன்றுக்கு 16.5 கிராம். நாளொன்றுக்கு ஆயிரம் பாண் போடும் இடத்தில் அது 16.5 கிலோ பாண். பாணின் எடையில் நூற்றுக்கு 70 வீதமளவில் மா என்று கொண்டால், மாதத்தில் 26 நாட்களுக்கு 300 கிலோ மா. அதாவது 50 கிலோ மூடைகள் ஆறு.

ஒவ்வொரு மாதமும் ஆறு மூடை மாவை யாருக்கும் தெரியாமல் இலவசமாகக் கொடுப்பதா, அல்லது எடையைக் குறைத்துத் தண்டம் கட்டுவதா? மாறுபாடு பெரிதாக இருக்கும்வரை முதலாளிக்கு இந்த இரண்டு வழிகள்தான் உண்டு. மாறுபாட்டைக் குறைத்தால் மட்டுமே மூன்றாவது வழி திறக்கிறது. 2022 நெருக்கடியில் மாவின் விலை எகிறி, எத்தனையோ சிறிய பேக்கரிகள் போறணையை அணைத்த காலத்தைக் கண்ட எமக்கு ஆறு மூடை மா என்பது சின்ன விடயமல்ல.

நூறாண்டுக்கு முந்திய ஒரு பக்கக் குறிப்பு

இந்தச் சிந்தனை பிறந்த இடம் பேக்கரியல்ல, தொலைபேசித் தொழிற்சாலை. அமெரிக்காவின் சிக்காகோ நகருக்கு அருகில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பனியின் ஹோதோர்ன் ஆலை இருந்தது. தொலைபேசிக் கருவிகளை அது இலட்சக்கணக்கில் தயாரித்தது. பழுதான பொருளைக் கடைசியில் பார்த்து ஒதுக்குவதற்கே அங்கு ஏராளமானோர் வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்தனர். அக்கம்பனியில் பணியாற்றிய வோல்டர் ஷுஹார்ட் என்ற பௌதிகவியலாளர், 1924 மே 16ஆம் திகதி தனது மேலதிகாரிக்கு ஒரு பக்கக் குறிப்பொன்றை அனுப்பினார். அதில் ஒரு சிறிய வரைபடம் இருந்தது. இன்று உலகெங்கும் பாவனையிலுள்ள கட்டுப்பாட்டு வரைபடத்தின் முதல் வடிவம் அதுவே. 1931இல் அவர் இதனை விரிவான நூலாகவும் வெளியிட்டார்.

ஷுஹார்ட் சொன்னது மிக எளிய விடயம். மாறுபாட்டுக்குக் காரணங்கள் இரண்டு வகை. ஒன்று, அந்த வேலை முறையோடு எப்போதும் கூடவே இருப்பவை. மாவின் ஈரப்பதம், கையின் சிறு நடுக்கம், போறணையின் உள்ளே இடத்துக்கிடம் மாறும் சூடு போன்ற நூறு சின்னக் காரணங்கள் இதில் அடங்கும். இவற்றைப் பொதுக் காரணங்கள் எனலாம். மற்றது, வெளியிலிருந்து வந்து புகுந்த விசேட காரணம். தராசு பழுதானது, புதிய மா மாறி வந்தது, போறணைக் கதவு சரியாக மூடப்படாதது போன்றவை அவை.

விசேட காரணத்தைத் தேடிப் பிடித்து நீக்க வேண்டும். பொதுக் காரணத்தால் வரும் மாறுபாட்டுக்கு யாரையும் ஏசிப் பயனில்லை. அது முறையின் குணம், முறையை மாற்றும் அதிகாரம் முதலாளியிடமே உள்ளது. இவை இரண்டையும் குழப்பிக்கொண்டால் நஷ்டம்தான்.

ஷுஹார்ட்டின் கருத்துகளைப் பின்பற்றிய எட்வர்ட்ஸ் டெமிங், 1950இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் மற்றும் பொறியியலாளர்கள் சங்கத்தின் அழைப்பில் ஜப்பான் சென்று விரிவுரைகள் நடத்தினார். மலிவுப் பொருள் என்று உலகம் இகழ்ந்த ஜப்பானியத் தயாரிப்புகள் பின்னர் அடைந்த உயரத்தை நாம் அறிவோம். அவரது பெயரில் 1951 முதல் ஜப்பான் வழங்கிவரும் விருது, தரத்துறையில் மிக மதிக்கப்படும் ஒன்றாகும்.

இரண்டு மேசைகளின் கதை

மேற்சொன்னது ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்கு நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். மலையகத்து நகரமொன்றில் பேக்கரி நடத்தும் ஹாஜியார் ஒருவர் எனக்கு நீண்டகாலப் பழக்கம். எடை குறைந்த பாணுக்காக அவருக்கு வழக்குப் போடப்பட்டிருந்தது. அவருடைய வேதனை தண்டப்பணத்தைப் பற்றியதல்ல. "நாங்க யாருடைய எடையிலயும் கை வெக்கல்லயே! பிசைஞ்ச மா 520 கிராம் வெட்டணும்னுதான் சொல்லி வெச்சிருக்கேன். பாணுக்கு 450க்கு மேலதானே வரணும்?" என்றார்.

அவர் சொன்ன கணக்குச் சரி. பிசைந்த மா போறணையில் வேகும்போது நூற்றுக்கு 12 வீதமளவில் எடை இழக்கிறது. 520 கிராம் வெட்டினால் ஏறக்குறைய 457 கிராம் பாண் வரவேண்டும்.

ஆனால் அவர் ஏற்கனவே ஒரு குற்றவாளியைக் கண்டுபிடித்திருந்தார். மா வெட்டும் மேசைகள் இரண்டு. இரண்டாவது மேசையில் நின்றவர் கிழக்கிலிருந்து வந்து சேர்ந்து சில மாதங்களே ஆன இளைஞர். "அந்தப் பொடியனுக்கு வேலையில கவனமில்ல" என்று கூறி, தண்டத்தின் ஒரு பகுதியை அவரது சம்பளத்தில் கழித்திருந்தார். மாத முடிவில் அனுப்பிவிடுவதாகவும் சொன்னார். அந்த இளைஞரிடம் பேசியபோது, "நான் முள்ளு 520க்கு வந்தாப் பொறவுதான் வெட்டுறன் சேர்" என்று மட்டும் சொன்னார்.

நான் ஹாஜியாரிடம் நான்கு நாட்கள் அவகாசம் கேட்டேன். ஒவ்வொரு மேசையிலிருந்தும் நாளொன்றுக்குச் சில பாண்களாக, மொத்தம் நூறு பாண்களை எடுத்து, போறணையிலிருந்து இறக்கி ஒரு மணித்தியாலம் கழித்து ஒரே இலத்திரனியல் தராசில் நிறுத்தோம். மேசை, நேரம், எடை ஆகிய மூன்றையும் ஒரு சீ.ஆர் கொப்பியில் குறித்தோம்.

நூறு பாண்களின் சராசரி 451 கிராம். "பார்த்தீங்களா, சரிதானே!" என்றார் ஹாஜியார். ஆனால் மிகக் குறைந்தது 428, மிகக் கூடியது 474. எல்லைக்குக் கீழே ஏழு பாண்கள் இருந்தன. கொப்பியை மேசைவாரியாகப் பிரித்தபோதுதான் விடயம் வெளிச்சத்துக்கு வந்தது. முதலாவது மேசையின் சராசரி 459, இரண்டாவதின் சராசரி 443. எல்லைக்குக் கீழே விழுந்த ஏழும் இரண்டாவது மேசையின் பாண்களே.

"நான் சொன்னதுதானே" என்றார் ஹாஜியார். கணக்கு இதுவரை அவர் பக்கம்தான் இருந்தது. ஆனால் மேசையில் ஆள் மட்டும் இருப்பதில்லை, தராசும் இருக்கிறது. எனவே அடுத்த இரண்டு நாட்களும் இருவரையும் இடம் மாற்றி நிற்க வைத்தோம். பதினைந்து வருட அனுபவமுள்ளவர் இரண்டாவது மேசைக்குப் போனார். அவர் வெட்டிய பாண்கள் சராசரியாக 444 கிராம் வந்தன. இளைஞர் முதலாவது மேசையில் வெட்டியவை 458. குறை ஆளோடு போகவில்லை, மேசையோடு நின்றுவிட்டது.

இரண்டாவது மேசையில் இருந்தது பழைய சுருள் தராசு. அதில் 500 கிராம் படிக்கல்லை வைத்துப் பார்த்தோம். முள் 515ஐத் தாண்டி நின்றது. சுருள் தளர்ந்ததால் தராசு உள்ளதைவிடக் கூட்டிக் காட்டியது. அந்த இளைஞர் முள்ளைப் பார்த்துக் கவனமாகத்தான் வெட்டியிருக்கிறார். முள்தான் பொய் சொன்னது. கடையின் முன்பக்கத் தராசுக்கு வருடாவருடம் முத்திரை குத்தப்பட்டிருந்தது. உள்ளே இருந்த தராசை எவரும் நினைத்தே பார்க்கவில்லை.

தராசு மாற்றப்பட்டது. இரு மேசைகளும் ஒன்றுபட்டதால் வெட்டும் எடையை 520இலிருந்து 515 கிராமுக்குக் குறைக்கவும் முடிந்தது. மறுபடி நூறு பாண்களை நிறுத்தபோது சராசரி 453, மிகக் குறைந்தது 442, மிகக் கூடியது 464. எல்லைக்குக் கீழே ஒன்றுமில்லை. மாவும் மிச்சம், வழக்கும் இல்லை. கழித்த சம்பளத்தை ஹாஜியார் அன்றே அந்த இளைஞரின் கையில் கொடுத்தார். ஒரு சில ஆயிரம் ரூபா தராசு, ஒரு குடும்பத்தின் சோற்றில் கை வைக்கப் பார்த்தது என்பதே இதில் நான் கண்ட பெரிய விடயம்.

அளவுகோலை முதலில் அளவுங்கள்

பொருளை அளக்க முன்னர் அளக்கும் கருவியை அளக்க வேண்டும். இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. ஒரே பாணைப் பத்துத் தடவைகள் நிறுத்துப் பாருங்கள். பத்தும் ஒன்றாக வருகிறதா? இரண்டு பேரைக் கொண்டு தனித்தனியே நிறுக்கச் செய்யுங்கள். இருவருக்கும் ஒரே எடை கிடைக்கிறதா? தெரிந்த எடையுள்ள படிக்கல்லை வைத்துப் பாருங்கள்; தராசு உண்மை சொல்கிறதா? அரைப் பாணில் 7 கிராம்தான் சட்டம் தரும் இடைவெளி. பத்துப் பத்துக் கிராமாகக் கோடு போட்ட தராசால் அதைக் காண முடியாது. ஒரு கிராம் வரை காட்டும் தராசு வேண்டும்.

எப்போது நிறுப்பது என்பதும் முக்கியம். சூட்டோடு இறக்கிய பாண் ஆறும்போதும் ஈரத்தை இழந்துகொண்டே இருக்கும். எனவே ஒரு நேரத்தை நிர்ணயித்து எப்போதும் அந்நேரத்திலேயே நிறுக்க வேண்டும். வியாபாரத்துக்குப் பாவிக்கும் தராசுகளுக்கு முத்திரையிடுவது அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் பொறுப்பாகும். அந்தச் சேவையைத் தண்டனையாகப் பார்க்காமல் உதவியாகப் பாருங்கள்.

தொட்டுத் தொட்டுத் திருத்துவதன் நஷ்டம்

இன்னொரு பழக்கத்தையும் நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன். ஒரு பாண் 446 வந்தவுடன் "கூட்டிப் போடு" என்பார்கள். அடுத்தது 457 வந்தால் "குறை" என்பார்கள். பார்வைக்கு இது கவனமான நிர்வாகம் போலிருக்கும். உண்மையில் இது மாறுபாட்டை வளர்க்கிறது. சாதாரணமாக ஏறி இறங்கும் ஒரு முறையை, ஒவ்வொரு தடவையும் கடைசியாக வந்த பிழையின் அளவுக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால், சிதறலின் அளவு நூற்றுக்கு 40 வீதம் வரை கூடிவிடும் எனக் கணிதம் காட்டுகிறது. டெமிங் இதனைப் புனலொன்றையும் ஒரு சிறு குண்டையும் வைத்துத் தனது வகுப்புகளில் செய்து காட்டுவார்.

அப்படியானால் எப்போது தொடுவது, எப்போது விடுவது? அதற்கே ஷுஹார்ட்டின் வரைபடம். ஒவ்வொரு போறணைக்கும் ஐந்து பாண்களை எடுத்து நிறுங்கள். ஐந்தின் சராசரியையும், கூடியதற்கும் குறைந்ததற்கும் இடையிலான வித்தியாசத்தையும் குறியுங்கள். இருபது போறணைகள் ஆனதும் எல்லாச் சராசரிகளுக்கும் ஒரு பொதுச் சராசரியும், எல்லா வித்தியாசங்களுக்கும் ஒரு சராசரியும் காணுங்கள். ஐந்து ஐந்தாக எடுக்கும்போது, சராசரி வித்தியாசத்தை 0.58ஆல் பெருக்கிப் பொதுச் சராசரியோடு கூட்டினால் மேல் எல்லை, கழித்தால் கீழ் எல்லை. பொதுச் சராசரி 452, சராசரி வித்தியாசம் 10 என்று வைத்துக்கொண்டால் எல்லைகள் 457.8 மற்றும் 446.2. ஐந்து பாண்களின் சராசரி இவற்றுக்குள் இருக்கும்வரை எதையும் தொடாதீர்கள். வெளியே போனால் நிறுத்தி, என்ன நடந்ததென்று அந்த நேரத்திலேயே தேடுங்கள். அதேபோல வித்தியாசமும் தனது சராசரியின் 2.11 மடங்கை, அதாவது இங்கே 21 கிராமை, தாண்டினால் ஏதோ புகுந்துவிட்டது என்று கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இந்த எல்லைகள் உங்கள் வேலை முறை தானே சொல்லும் எல்லைகள். 436.5 என்பது சட்டம் சொல்லும் எல்லை. முன்னையது ஐந்து பாண்களின் சராசரிக்கு, பின்னையது தனியொரு பாணுக்கு. முறை கட்டுப்பாட்டுக்குள் இருந்தும் சட்டத்துக்கு வெளியே பாண் போகுமானால், தொழிலாளியை ஏசுவதில் பயனில்லை, முறையையே மாற்ற வேண்டும்.

எல்லைக்குள் இருந்தால் போதுமா?

ஆடைத் தொழிற்சாலையில் நாங்கள் மார்பளவு 40 அங்குலம், அரை அங்குலம் கூடலாம் குறையலாம் என்ற கணக்கில் சேர்ட்களை அளப்போம். 39.5 அங்குலம் சரி, 39.4 பிழை. ஆனால் அணிபவருக்கு இவ்விரண்டும் ஒன்றுதான். 40 அங்குலம்தான் அவருக்குப் பொருத்தம். எல்லைக்குள் இருப்பது வேறு, இலக்கில் இருப்பது வேறு.

இதற்குப் பிரசித்தமான உதாரணம் சொனி தொலைக்காட்சி. ஜப்பானிலும் அமெரிக்காவின் சான் டியாகோவிலும் இருந்த இரண்டு சொனி ஆலைகள் ஒரே வடிவமைப்பில், ஒரே எல்லைகளுடன் தொலைக்காட்சிகளைத் தயாரித்தன. சான் டியாகோ ஆலையிலிருந்து எல்லை மீறியவை வெளியே வருவதில்லை. ஆனால் அவற்றின் நிற அடர்த்தி எல்லைக்கு எல்லை பரவிக் கிடந்தது. ஜப்பான் ஆலையில் மிகச் சில எல்லை மீறின. ஆயினும் பெரும்பாலானவை இலக்கைச் சுற்றியே குவிந்திருந்தன. வாடிக்கையாளர் விரும்பியது ஜப்பானில் செய்ததைத்தான். 1979இல் ஜப்பானின் அசாஹி நாளிதழ் இதனை வெளியிட்டது. இலக்கிலிருந்து விலகும் ஒவ்வோர் அடியும் நஷ்டமே என்ற ஜெனிச்சி டகுச்சியின் கருத்துக்கு இன்றும் இவ்வுதாரணமே காட்டப்படுகிறது.

கடைசியில் நின்று பழுதானதைப் பொறுக்கி எறிவதால் தரம் பிறப்பதில்லை என்பதே இதன் சாரம். எறியப்படும் பொருளுக்கும் மா, விறகு, கூலி எல்லாம் செலவாகிவிட்டன.

பாணுக்குச் சொன்னது பாணுக்கு மட்டுமல்ல. மசாலாத் தூள் பொதி செய்பவருக்கும், பாதணி வெட்டுபவருக்கும், சீமெந்துக் கல் அச்சிடுபவருக்கும், பிரியாணிப் பார்சல் கட்டுபவருக்கும் இதே கணக்குத்தான். வேண்டியது ஒரு நல்ல தராசு அல்லது அளவுகோல், ஒரு சீ.ஆர் கொப்பி, நாளொன்றுக்கு அரை மணித்தியாலம். கொப்பியில் எழுதுவது வேலை செய்பவராகவே இருக்கட்டும். எண்களைக் கொண்டு யாரையும் தண்டிப்பதில்லை என்று முதலாளி வாக்குக் கொடுக்கட்டும். தண்டனைக்குப் பயந்து எழுதப்படும் எண் எப்போதும் 450 என்றே இருக்கும். அந்த எண்ணால் யாருக்கும் பயனில்லை.

வருகிற திங்கட்கிழமை முதல் போறணையில் ஐந்து பாண்களை எடுத்து நிறுத்துப் பாருங்கள். சோதனைக்கு வரும் அதிகாரிக்கு முன்னர் உங்கள் பாணின் எடை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.